கையில் ஒரு செருப்புக்கடி

துறைமுகக் காவல்படையின் ஆயுதக்கிடங்கில் அவளுக்கு மில்லியக்கா என்று பெயர். வீட்டில் வைத்த பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் ஞாபகம் இருந்தது. எதைக் கேட்டாலும் மில்லிமீட்டரில் பதில் சொல்வாள். கதவு சாத்த மாட்டேன் என்கிறது என்று யாராவது அலுத்துக்கொண்டால், நிமிர்ந்து பார்க்காமலே, "கீழ்க் கீல் ரெண்டு மில்லி இறங்கியிருக்கு" என்பாள். கழற்றிப் பார்த்தால் ரெண்டு மில்லிதான் இறங்கியிருக்கும். சொன்னவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். அவளுக்கு அன்றைக்கு முழுக்கப் பசிக்காது.

கிடங்குக்கு வருவதற்கு முன் பதினோரு வருஷம் செருப்புக் கடையில் வேலை பார்த்தாள். குட்டை முக்காலியில் உட்கார்ந்து, வந்தவர்களின் காலைத் தூக்கி அளவுப் பலகையில் வைக்கிற வேலை. ஊரில் பாதிப் பேரை முகம் தெரியாது, கால் தெரியும். பிறகு காவல்படையில் துப்பாக்கி பழுது பார்க்க ஆள் எடுப்பதாக விளம்பரம் வந்தது. பன்னிரண்டு பேர் போனார்கள். ஆளுக்கொரு இரும்புத் துண்டும் அரமும் கொடுத்து, சட்டத்தில் உள்ள காடிக்குள் அது போய்வரும்படி இழைக்கச் சொன்னார்கள். பதினோரு ஆண்களின் துண்டுகளில் சில சிக்கின, சில லொடலொடத்தன. அவளுடையது மட்டும் சட்டத்தைச் சாய்த்ததும் தன் எடையிலேயே வழுக்கிக்கொண்டு போய் மறுமுனையில் 'டிக்' என்று நின்றது. நேராக்கினால் திரும்பி வந்து 'டிக்.' பரீட்சை வைத்தவர் நாலைந்து தரம் சாய்த்துச் சாய்த்து விளையாடினார். "எங்கம்மா கத்துக்கிட்டே?" என்று கேட்டார்.

"செருப்புக் கடையில சார்."

அது நடந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. அந்த 'டிக்' சத்தத்தை அவள் இன்னும் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் படைக்குப் புதுக் கைத்துப்பாக்கிகள் வந்தன. எல்லாம் ஒரே அச்சு. விரல் அழுத்துகிற விசையும் ஒரே நீளம். பெரிய கைக்கு ஏற்ற நீட்டு விசை. அதோடு ஒரு தகரப் பெட்டியும் வந்தது. உள்ளே மாற்றிப் போட்டுக்கொள்ள நாலு நடுத்தர விசை, ஒரே ஒரு குட்டை விசை. நீட்டுக்கும் குட்டைக்கும் வித்தியாசம் மூன்று மில்லிமீட்டர். கைக்குப் பார்த்து மாற்றிக் கொடுக்கலாம் என்று மில்லியக்கா முதல் வாரமே மனு எழுதினாள். பிறகு இன்னும் ஆறு எழுதினாள். ஏழுக்கும் கிடங்கு மேலதிகாரியிடமிருந்து ஒரே பதில்: ஆயுதம் அனைவருக்கும் ஒன்று, கைதான் பழக வேண்டும். தகரப் பெட்டி அவருடைய அலமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. அவர் மோசமான ஆள் இல்லை. எதையும் சட்டப்படிதான் செய்வார். கிடங்கில் அவருக்கு ரூல்தடி என்று பெயர். அது அவருக்கும் தெரியும். கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

புதுத் துப்பாக்கி வந்ததிலிருந்து கஷ்டப்பட்டவர்களில் மில்லியக்காவின் நாத்தனாரும் ஒருத்தி. கணவரின் தங்கை. ரோந்துப் படகில் இருபது வருஷமாக வேலை. ஆள் உயரம்தான், ஆனால் கை மட்டும் பத்து வயதோடு நின்றுவிட்டதுபோல் இருக்கும். அந்தக் கையால் பழைய துப்பாக்கியில் பன்னிரண்டு தரம் முதல் இடம் வாங்கியவள். புதுசில் வருஷப் பரீட்சை இரண்டிலும் தவறிவிட்டாள். முப்பது குண்டில் இருபத்துநாலு வட்டத்துக்குள் விழ வேண்டும். அவளுக்கு விழுந்தது பத்தொன்பது, அடுத்த தரம் பதினெட்டு. மூன்றாவது தரமும் தவறினால் படகிலிருந்து இறக்கி, வாசலில் நுழைவுச் சீட்டு கொடுக்கிற மேஜையில் உட்கார வைத்துவிடுவார்கள். பரீட்சை வியாழக்கிழமை.

திங்கட்கிழமை காலை அவள் கிடங்குக்கு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணி, உங்க துப்பாக்கிக்கு என்னைக் கண்டா ஆகல."

"அதுக்கு உன்னைத் தெரியவே தெரியாது. உன் விரல் எட்டல, அவ்வளவுதான்."

"வாய் எட்டுதே, அது போதாதா?"

"வாயால சுடுறதுன்னா நீதான் எப்பவும் முதல்."

நாத்தனார் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு முகம் கொஞ்ச நேரம் வேறு எங்கோ இருந்தது. "நுழைவுச் சீட்டு மேஜைக்கு ஃபேன் கூட இல்ல அண்ணி" என்றாள்.

மில்லியக்கா இரண்டு பரீட்சையின் இலக்கு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு ரூல்தடியின் அறைக்குப் போனாள். ஓட்டைகள் சிதறியிருக்கவில்லை. வட்டத்துக்கு இடப்புறம், கூட்டமாக, ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு இருந்தன.

"இவளுக்குக் குறி போகல சார். குறி அப்படியே இருக்கு, இடம்தான் நகர்ந்திருக்கு. விரல் நுனிதான் ட்ரிகரைத் தொடுது. நுனியால அழுத்தினா இடப்பக்கம் தள்ளும்."

ரூல்தடி அட்டையைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "உங்க நாத்தனாருன்னதும் எட்டாவது மனு நடந்தே வந்துருச்சு."

"முதல் ஏழுல அவ பேர் எங்கயாவது இருக்கா, பாருங்க சார்."

இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஏழையும் வரிசையாகக் கோத்து வைத்திருந்தார். சாவியைத் தேடினார், கையிலேயே இருந்தது. தகரப் பெட்டியைத் திறந்து, "ஒரு துப்பாக்கி. ஒரு மாற்றம். எது வேணும்னு அளந்துட்டு வந்து வாங்கிக்குங்க. வியாழக்கிழமை அவங்க தவறினா இந்தப் பெட்டி வந்த இடத்துக்கே திரும்பிப் போகும், இந்தப் பேச்சும் அதோட போகும். சரியா?" என்றார்.

"அளந்தா அளந்ததுதான் சார்" என்றாள். அவள் அதிகம் பேசிவிட்டதாக அவளுக்கே ஒரு கணம் தோன்றியது. வராந்தாவில் நடக்கும்போது அதுவும் மறந்துபோனது.

அளக்கிற விதம் அவளே கண்டுபிடித்தது. காலித் துப்பாக்கிதானா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டு, விசையின் முகத்தில் தாள் தடிமனுக்கு நீல மை தடவினாள். மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்த நாத்தனாரிடம் கொடுத்தாள். "எப்பவும் பிடிக்கிற மாதிரி பிடி. மெதுவா அழுத்து." விரலை வாங்கிப் பார்த்தால், நகத்துக்குப் பக்கத்தில், நுனியில் ஒரு நீலப் பொட்டு. நீட்டு விசைக்கு அப்படித்தான் இருக்கும். நடுத்தர விசையை வெளியிலிருந்து ஒட்டிவைத்துத் திரும்பவும் அழுத்தச் சொன்னாள். இந்தத் தரம் நீலம் விரல் சதையின் நட்டநடுவில், ரேகைச் சுழியின் மேல், அளந்து வைத்த மாதிரி விழுந்தது.

"நடுத்தரம்" என்றாள் மில்லியக்கா. வெர்னியர் அளவுகோலைத் தொடக்கூட இல்லை.

அன்று மாலையே நடுத்தர விசை உள்ளே போனது.

செவ்வாய்க்கிழமை சுடுதளத்தில் நாத்தனார் முதல் பத்துக் குண்டையும் வட்டத்துக்குள் போட்டாள். பத்தில் ஆறு நடுப்புள்ளியைக் கடித்துக்கொண்டு நின்றன. பின்னால் நின்ற மில்லியக்கா காதுமூடியைக் கழற்றிவிட்டுப் பக்கத்திலிருந்த சுடுதளக் காவலரிடம், "மூணு மில்லியில பாதிதான் குறைச்சேன், பாருங்க" என்றாள். அவர் கேட்கவில்லை. அவர் காதில் மூடி இருந்தது.

பதினைந்தாவது குண்டிலிருந்து ஓட்டைகள் நகர ஆரம்பித்தன. ஒன்று வட்டக் கோட்டின் மேல். அடுத்தது கோட்டுக்கு வெளியே. இடப்புறம். அதற்கு அடுத்ததும் இடப்புறம். இருபதுக்கு மேல் நாத்தனார் பல்லைக் கடித்துக்கொண்டு சுட்டாள். முடிவில் உள்ளே இருபத்தொன்று, வெளியே ஒன்பது.

துப்பாக்கியை மேஜையில் வைத்துவிட்டு அவள் திரும்பினாள். "அண்ணி, இது மில்லிக் கணக்கா, மீட்டர் கணக்கா?"

மில்லியக்கா துப்பாக்கியைப் பிரித்தாள். விசையைக் கழற்றிப் பார்த்தாள். ஆடவில்லை, சிக்கவில்லை. இழைத்ததில் ஒரு குறையும் இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. குறை இரும்பில் இருந்தால் அரம் போதும்.

இரண்டு குடும்பமும் ஒரே கட்டிடம், நாத்தனார் மாடியில். மாலையில் கீழே வந்து, பாத்திரம் தேய்க்க நின்றாள். கோபம் வந்தால் யார் வீட்டுப் பாத்திரமானாலும் தேய்ப்பாள். மில்லியக்காவின் கணவர் இரண்டு பேரையும் பார்த்தார். பேப்பரை எடுத்துக்கொண்டு, "மொட்டை மாடியில காத்து நல்லா வருதாம்" என்று போய்விட்டார்.

குழாயடியில் நாத்தனாரின் வலது கை நனைந்து பளபளத்தது. கட்டைவிரலின் அடிக்கணுவில், மேல்புறத்தில், காசளவுக்கு ஒரு சிவப்பு.

"அது என்னது?"

"எது? இதுவா? ரெண்டு வருஷமா இருக்கு. சுட்டா சிவக்கும், மூணு நாள்ல போயிடும்."

மில்லியக்கா அந்தக் கையைப் பிடித்து விளக்குக்குக் கீழே திருப்பினாள். பதினோரு வருஷம் தினமும் பார்த்த சிவப்பு அது. குதிகாலில், சுண்டுவிரலில், கணுவில். செருப்புக்கடி.

செருப்புக் கடையில் முதலாளி அம்மா வைத்திருந்த ஒரே கண்டிப்பு அவள் காதில் கேட்டது: பழைய செருப்பைக் கழட்டினதும் காலை அளக்காதே, நாலடி வெறுங்காலோட நடக்க விடு. பெரிய செருப்பை ரொம்ப நாள் போட்டவர்களின் கால், அது கழன்று விழாமல் இருக்க விரலை மடக்கிப் பழகியிருக்கும். கழற்றின பிறகும் கொஞ்ச நேரம் மடங்கியே இருக்கும். அந்த நேரத்தில் அளந்தால் காலின் அளவு வராது. பழைய செருப்பின் அளவுதான் வரும்.

நீட்டு விசையை எட்டுவதற்காக நாத்தனாரின் கை இரண்டு வருஷமாகத் துப்பாக்கியை உள்ளங்கைக்குள் திருகிப் பிடித்துப் பழகியிருந்தது. முன்கைக்கு நேராக இருக்க வேண்டிய குழல் ஓரமாகத் திரும்பி, ஒவ்வொரு வெடிக்கும் பின்பக்கம் கட்டைவிரல் கணுவில் போய் இடித்தது. பத்துப் பதினைந்து குண்டு வரை கை தாங்கும். பிறகு வலி பிடியை மெல்ல நகர்த்தும். விரல் பழையபடி நுனிக்கு வந்துவிடும். அளந்தா அளந்ததுதான் என்று சொல்லிவிட்டு வந்து, அந்தத் திருகலோடேயே உட்கார வைத்து, மை தடவி அளந்தவள் மில்லியக்கா.

"ஏன் அண்ணி, கையையே விழுங்குற மாதிரி பார்க்குறீங்க?"

"நான் தப்பா அளந்துட்டேன்."

நாத்தனார் குழாயை மூடினாள். அந்த வீட்டுக்கு அண்ணி வந்து இருபத்தைந்து வருஷத்தில் இந்த வாக்கியத்தை அவள் கேட்டதில்லை. "இன்னொரு தரம் சொல்லுங்க. அண்ணன் மாடியில இருக்கான், கூப்பிட்டுக்கிறேன்."

"போதும் போ. நாளைக்குக் காலையில ரூல்தடிகிட்டயும் சொல்லணும். அங்க வந்து கேட்டுக்கோ."

புதன்கிழமை காலை அவர் அறைக்குப் போகிற இருபது அடி வராந்தா அவளுக்கு நீளமாக இருந்தது. அனுமதி ஒரே ஒரு மாற்றத்துக்கு. அது முடிந்துவிட்டது. நடுத்தரத்தோடே விட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. கிழவி கை நடுங்கிவிட்டது என்று நாத்தனாரைத்தான் சொல்வார்கள், அவளுக்கு நாற்பத்தாறுதான் என்றாலும். ஆயுதக்கிடங்கில் மில்லியக்கா பெயர் மில்லியக்காவாகவே இருக்கும்.

"சார், நான் தப்பா அளந்துட்டேன். குட்டை வேணும்."

ரூல்தடி பேனாவை மூடினார். "அளந்தா அளந்ததுதான்னு சொன்ன ஞாபகம்."

"சொன்னேன் சார்."

"ஒரு மாற்றம்னு நான் சொன்ன ஞாபகமும் இருக்கு."

"இருக்கு சார். அவ தப்பு ஒண்ணும் இல்ல. தப்பு என் மேஜையில நடந்தது. அதுக்கு அவளைப் படகுலேருந்து இறக்கிடாதீங்க."

அவர் அவளைப் பார்த்தார். பத்தொன்பது வருஷமாக இந்தப் பெண் அவரிடம் எதற்கும் தலை குனிந்ததில்லை. இப்போதும் குனியவில்லை; நேராகத்தான் நின்றாள். அதுதான் அவருக்கு வினோதமாக இருந்தது.

"எழுதிக் குடுங்க" என்றார். "என்ன தப்பு, எப்படித் தப்பு. ரெண்டு வரி."

அங்கேயே நின்றபடி எழுதினாள். கையை அளப்பதற்குப் பதிலாகக் கையின் பழக்கத்தை அளந்துவிட்டேன். அளக்கும் முன் கையைக் காலியாகச் சிறிது நேரம் விட்டிருக்க வேண்டும். கீழே கையெழுத்து. அவர் படித்தார். இரண்டாம் தரமும் படித்தார். பிறகு அலமாரியைத் திறந்தார்.

கிடங்கில் நாத்தனாரிடம் துப்பாக்கியைக் கொடுக்கவில்லை. "கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு அந்தச் சுவர் வரைக்கும் நடந்து வா."

"எதுக்கு?"

"வான்னா வா."

நடந்தாள். திரும்பவும் நடக்கச் சொன்னாள். ஆறு தரம் போய் வந்த பிறகு, "இப்ப கண்ணை மூடிக்கோ. எதிர்ல படகுக் கயிறு தொங்குது. சுட்டிக் காட்டு" என்றாள். கை தானாக எழுந்து நேராக நின்றது. தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் ஒரே கோட்டில். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இருந்த கை அது. கீழே இறங்குவதற்குள் மில்லியக்கா காலித் துப்பாக்கியை அந்தக் கோட்டில் அப்படியே கொண்டுபோய் உள்ளங்கையில் பொருத்தினாள். "இப்ப விரல்."

விரல் நடுத்தர விசையை நுனியால்தான் தொட்டது. நீலம் நகத்தோரம்.

குட்டை விசை ஒன்றுதான் இருந்தது. காடிக்குள் நுழைய மறுத்தது. மேல் விளிம்பு கொஞ்சம் தடிப்பு. கூட இழைத்துவிட்டால் விசை ஆடும், மாற்ற இன்னொன்று கிடையாது. மெல்லிய அரத்தை எடுத்து மூன்று இழுப்பு. போட்டுப் பார்த்தாள். இரண்டு இழுப்பு. போட்டுப் பார்த்தாள். ஒரு இழுப்பு. நாத்தனார் மூச்சு விடுகிற சத்தம்கூடத் தொந்தரவாக இருந்தது. "வாயை மூடிக்கோ." "நான் பேசவே இல்லியே!" "மூச்சு விடுற இல்ல?" கடைசியில் அரத்தை வைத்துவிட்டு வெறும் எண்ணெய்த் துணியால் தேய்த்தாள். துப்பாக்கியின் சட்டத்தைச் சாய்த்தாள்.

டிக்.

நேராக்கினாள். டிக்.

அன்று சுடுதளம் வேறு பிரிவுக்கு. சுட்டுப் பார்க்க வழியில்லை. துப்பாக்கியைச் சேர்த்து முடித்ததும், காலித் தோட்டா ஒன்றை அதன் முதுகில் நிற்க வைத்து, சுவரைப் பார்த்து வெறுமனே அழுத்தச் சொன்னாள். விசை விடுபட்டது. தோட்டா நின்றது. பத்துத் தரம் அழுத்தினாள். பத்துத் தரமும் நின்றது. நாத்தனார் துப்பாக்கியை இறக்கி வைத்தாள். அவள் கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது. "எண்ணெய் வாசனை" என்றாள்.

வியாழக்கிழமை சுடுதளத்துக்குள் பரீட்சை நடத்துகிறவர்கள் தவிர யாரும் போகக் கூடாது. மில்லியக்கா கம்பி வலைக்கு வெளியே நின்றாள். ரூல்தடியும் வந்து, இரண்டடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்கு அங்கே வேலை ஒன்றும் கிடையாது.

முதல் ஐந்தில் இரண்டு வெளியே போனது. மேலே. பிடி கைக்குப் புதுசு. மில்லியக்கா வலையைப் பிடித்துக்கொண்டாள். நாத்தனார் துப்பாக்கியைக் கீழே வைத்தாள். கையைத் தொங்கப் போட்டாள். நாலடி பின்னால் நடந்து, நாலடி முன்னால் வந்தாள். பரீட்சை வைக்கிறவர் ஏதோ கேட்டார். அவள் தலையை ஆட்டிவிட்டுத் திரும்ப எடுத்தாள்.

அதற்குப் பிறகு மில்லியக்கா எண்ணிக்கொண்டே இருந்தாள். பத்து. பதினைந்து. இதுதான் நேற்று முன்தினம் நகர ஆரம்பித்த இடம். பதினாறு. இடப்பக்கம் போகவில்லை. இருபது. இருபத்தொன்று கோட்டைத் தொட்டு உள்ளே விழுந்தது. இருபத்தெட்டு. முப்பது.

அட்டையைக் கழற்றி எண்ணினார்கள். இருபத்தெட்டு உள்ளே.

நாத்தனார் வெளியே வந்து நன்றி எதுவும் சொல்லவில்லை. வலைக்கு இந்தப் பக்கம் வந்து, வலது கையை அண்ணியின் மூக்குக்கு நேராக நீட்டிக் கட்டைவிரல் அடியைக் காட்டினாள். செவ்வாய்க்கிழமைச் சிவப்பு வெளுத்துப்போயிருந்தது. அதற்கு மேல் புதுசாக எதுவும் இல்லை.

"கடிக்கல அண்ணி."

"கடிக்காது" என்றாள் மில்லியக்கா. குரல் சாதாரணமாக வர வேண்டும் என்று பார்த்தாள். வரவில்லை. பரவாயில்லை என்று விட்டுவிட்டாள்.

"ரெண்டு வெளியே போச்சே?" என்றார் ரூல்தடி.

நாத்தனார் அவரைப் பார்த்தாள். "அது உங்க ஏழு பதிலுக்கு சார். ரெண்டோட விட்டுட்டேன்."

மறுநாள் காலை மில்லியக்காவின் மேஜையில் தகரப் பெட்டி இருந்தது, சாவியோடு. மேலே சுவரில் கிடங்கு விதிகள் ஒட்டியிருந்த தாளில் பதின்மூன்றுக்குக் கீழே பதினான்கு என்று ஒன்று புதுசாகத் தட்டச்சு அடித்து ஒட்டியிருந்தது: விசை அளக்கும் முன் கையைக் காலியாகச் சிறிது நேரம் விட வேண்டும். அவள் எழுதிக் கொடுத்த தப்பின் இரண்டாவது வரி. பெயர் இல்லை. முதல் வரியை அவர் எடுத்து வைத்துக்கொண்டார்போல. உதிரி விசைகள் கேட்டு எழுதிய கடிதத்தின் நகலும் பெட்டிக்கு அடியில் இருந்தது. ரூல்தடியின் கையெழுத்து கோணாமல் நேராக இருந்தது.

வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். ஏழெட்டுப் பேர். எல்லோரும் வேறு வேலையாக வந்தவர்கள்போல் நின்றார்கள். ஒருவர் ஒரு திருகாணி கேட்டார். இன்னொருவர் கதவைச் சாத்திப் பார்த்தார். கடைசியில், படையிலேயே பெரிய ஆளான, பீப்பாய் என்று அழைக்கப்படுகிற காவலர் தன் துப்பாக்கியைத் தூக்கிக் காட்டினார். அவர் கைக்குள் அது சாவிக்கொத்து மாதிரி இருந்தது.

"அக்கா, எனக்கு நேர் எதிரா ஒரு பிரச்சினை. விரல் அந்தப் பக்கம் போய் எட்டிப் பார்க்குது. குண்டு எல்லாம் வலப்பக்கம்."

"சுட்டா எங்க சிவக்குது?"

அவர் யோசித்தார். யாரும் இதுவரை அவரைக் கேட்டதில்லை. ஆள்காட்டி விரலின் உள்மடிப்பைத் தொட்டுக் காட்டினார்.

மில்லியக்கா நீல மைப் புட்டியைத் திறக்காமல் தள்ளி வைத்தாள்.

"துப்பாக்கியை இங்க வைங்க. எல்லாரும். கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு அந்தச் சுவர் வரைக்கும் நடந்து வாங்க."

"நடக்கவா? எதுக்குக்கா?"

"விதி பதினாலு."

ஆயுதக்கிடங்கில் ஏழெட்டுத் தடித்த ஆண்கள் வெறுங்கையோடு, என்ன செய்வதென்று தெரியாத கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, சுவர் வரை போய்த் திரும்பினார்கள். அவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முகங்களைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தரம்" என்றாள்.